ரிப்பேர் ஜீனை நீக்கிய பிறகும் மியூட்டேஷன் ஏன் குறைகிறது?

கேள்வி கேட்டவர் ஒரு எம்.எஸ்சி. மாணவர். சாதாரண ஈஸ்ட், ரெவ்3 என்ற ஜீனை நீக்கிய ஈஸ்ட், இரண்டுக்கும் டிஎன்ஏவைப் பழுதாக்கும் எம்எம்எஸ் என்ற ரசாயனத்தைக் கொடுத்திருக்கிறார். ரெவ்3 இல்லாத ஈஸ்ட் கூடுதலாகச் செத்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கேனவனைன் என்ற விஷம் கலந்த தட்டில் முளைத்த மியூட்டன்ட் காலனிகள் கூடுவதற்குப் பதில் நன்றாகக் குறைந்துவிட்டன. "டிஎன்ஏ ரிப்பேர் கெட்டால் மியூட்டேஷன் கூடத்தானே வேண்டும்? கைடு எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்கிறார். எங்கே தப்பு விட்டோம்?" என்று கேட்கிறார்.

பார்க்க இது செய்முறை பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மையில் அவர் கேட்பது, டிஎன்ஏவில் விழும் பழுதும் மியூட்டேஷனும் ஒன்றேதானா என்பது. ஈஸ்ட் லேபில் 12 வருடம் காலனி எண்ணியவன் நான். எனக்குத் தெரிந்தவரை உங்கள் முடிவு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண்ணிய விதத்தில் மட்டும் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏடு பெயர்த்து எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓலை, நடுவில் செல்லரித்து ஓர் எழுத்து போய்விட்டது. அந்த ஓட்டை இன்னும் பாடபேதம் ஆகவில்லை. ஓட்டையைப் பார்த்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாடபேதம் பிறக்கிறது. அதே நூலின் வேறொரு ஏட்டைப் பார்த்து நிரப்பினால் மூலம் அப்படியே வந்துவிடும். குத்துமதிப்பாக ஓர் எழுத்தைப் போட்டால் பாடபேதம். "தெரியாததை நான் எழுத மாட்டேன்" என்று எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டால் பிழை வராது, ஆனால் அந்தப் படியும் முடியாது. செல்லுக்கும் ஏறக்குறைய இதே மூன்று வழிதான். ரெவ்3 தயாரிக்கும் புரதம் அந்தக் குத்துமதிப்புக்காரர். அவரை நீங்கள் வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள். ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஊகித்து எழுத ஆள் இல்லை. அதனால் செல்கள் சாகின்றன. பிழைத்தவற்றில் மியூட்டேஷன் குறைவாக இருக்கிறது.

ஓலையில் இன்னொரு வகைச் சங்கடமும் உண்டு. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இங்கே பெயர்ப்பவர் தயங்கவே மாட்டார். ஒன்றை இன்னொன்றாக வாசித்து, பிழை விட்டதே தெரியாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். ரசாயனங்கள் செய்யும் பழுதுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு: நகலெடுப்பை வழிமறிப்பவை, வழிமறிக்காமல் தவறாக வாசிக்க வைப்பவை. எந்த ரிப்பேர் கெட்டது என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எந்த ரசாயனம், அது எந்த வகைப் பழுது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் எம்எம்எஸ்ஸையும் அதன் சொந்தக்காரனான இஎம்எஸ்ஸையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று மெத்தில் தொகுதியை ஒட்டும், மற்றது எத்தில் தொகுதியை. ஒரு கார்பன்தான் கூடுதல். ஆனால் நடத்தை வேறு. எம்எம்எஸ் பெரும்பாலும் குவானினின் ஏழாவது நைட்ரஜனிலும் அடினினின் மூன்றாவது நைட்ரஜனிலும் ஒட்டுகிறது. முதலாவது அந்த இடத்தில் சும்மா இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. இரண்டாவது நகலெடுக்கும் பாலிமரேஸை அப்படியே நிறுத்திவிடும். இஎம்எஸ் அதோடு குவானினின் ஆறாவது ஆக்சிஜனிலும் கணிசமாக ஒட்டும். அப்படி ஒட்டிய குவானின் சைட்டோசினோடு சேராமல் தைமினோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த சுற்று நகலில் குவானின்-சைட்டோசின் ஜோடி இருந்த இடத்தில் அடினின்-தைமின் ஜோடி உட்கார்ந்திருக்கும். இஎம்எஸ் கொடுத்த ஈஸ்டில் பெரும்பாலான மியூட்டேஷன்கள் இந்த ஒரே மாற்றம்தான். மரபியல் லேப்களில் மியூட்டன்ட் தேட இஎம்எஸ்ஸை விரும்பி எடுப்பதும் இதனால்தான்: செல்லை அதிகம் கொல்லாமல் நிறைய மியூட்டேஷன் தரும். எம்எம்எஸ் நேர்மாறு, கொல்வதில் கெட்டி.

உங்கள் கேள்விக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. 1974இல் லூயிஸ் பிரகாஷ் ஈஸ்டில் செய்த வேலை இதைத்தான் எடுத்துக்கொண்டது. சைட்டோகுரோம் சி புரதத்தைத் தயாரிக்கும் ஜீனில், தொடக்கக் குறியான ஏடிஜி ஜிடிஜியாக மாறிப்போன ஒரு ஸ்ட்ரெயின், பெயர் சைக்1-131. முதல் எழுத்தான ஜி மறுபடி ஏ ஆனால்தான் புரதம் திரும்ப வரும். பாருங்கள், கோடிக்கணக்கான செல்களில் ஒரே ஓர் எழுத்து திரும்பியதா என்று கேட்கும் சோதனை இது. இந்த ஸ்ட்ரெயினுக்குள் கதிர்வீச்சைத் தாங்காத மியூட்டேஷன்களைப் புகுத்தி, இஎம்எஸ், எம்எம்எஸ், நைட்ரோசோகுவானிடின், 4-நைட்ரோகுவினோலின் ஆக்சைடு, நைட்ரஜன் மஸ்டர்ட் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார். ராட்6, ராட்9 என்ற ஜீன்கள் கெட்ட ஈஸ்டில் ஏறக்குறைய எல்லா ரசாயனத்துக்கும் மியூட்டேஷன் பெரிதும் குறைந்தது. நைட்ரஸ் அமிலம் ஒரு விதிவிலக்கு; குறைந்த அளவில் கொடுத்தபோது சாதாரண ஈஸ்டில் போலவே மியூட்டேஷன் தந்தது. நைட்ரஸ் அமிலம் சைட்டோசினின் அமினோ தொகுதியைப் பிடுங்கி அதை யுராசில் ஆக்கிவிடும். யுராசில் எந்தத் தடையும் இல்லாமல் தைமின் மாதிரியே வாசிக்கப்படும். புள்ளி இல்லாத ஓலை வகை. அதைத் தப்பாக வாசிக்கத் தனியாக ஓர் ஊகக்காரர் தேவையில்லை.

அதற்கும் மூன்று வருடம் முன்னால், 1971இல், ஜெஃப்ரி லெமண்ட் புறஊதா ஒளி பட்டாலும் மியூட்டேஷன் வராத ஈஸ்டைத் தேடிப் பிடித்தார். கெட்ட ஜீன் பழைய நிலைக்குத் திரும்புவதை ரிவர்ஷன் என்பார்கள். அது நடக்காத ஸ்ட்ரெயின்கள் என்பதால் ரெவ்1, ரெவ்2, ரெவ்3 என்று பெயர். ஆக, உங்கள் கையில் இருக்கும் ஜீனைக் கண்டுபிடித்ததே "மியூட்டேஷன் குறைகிறது" என்ற அடையாளத்தை வைத்துத்தான். ரெவ்3 ஒரு பாலிமரேஸ் என்பது 1996இல் நெல்சன், லாரன்ஸ், ஹிங்கிள் மூவரின் வேலையில் உறுதியானது. அதைப் பாலிமரேஸ் ஸீட்டா என்கிறோம். பழுதைத் தாண்டி இழையை நீட்டிக்கொண்டு போவதில் கெட்டிக்காரி, சரிபார்ப்பதில் சுமார். ரெவ்1 அதன் கூட்டாளி. எழுத்து உதிர்ந்த இடத்துக்கு எதிரே சைட்டோசினைப் போடும் பழக்கம் உள்ளது.

ராட்6 இதற்கெல்லாம் மேலே இருக்கும் மேஸ்திரி. பாலிமரேஸ்களை டிஎன்ஏவோடு பிடித்துவைக்கும் மோதிரம் போன்ற ஒரு புரதம் உண்டு, பிசிஎன்ஏ என்று. நகலெடுப்பு தடைபட்டு நின்றால் ராட்6உம் ராட்18உம் சேர்ந்து அந்த மோதிரத்தில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒரே ஒன்றை ஒட்டுகின்றன. ஒன்று மட்டும் ஒட்டினால் ஊகக்கார பாலிமரேஸ்களுக்கு அழைப்பு. அதன் மேல் ராட்5, எம்எம்எஸ்2, யுபிசி13 ஆகியவை வரிசையாக இன்னும் பலவற்றைக் கோத்தால், பக்கத்தில் புதிதாக உருவான சகோதர இழையைப் பார்த்து எழுதும் பிழையற்ற வழி திறக்கிறது. 2002இல் ஸ்டீஃபன் யென்ட்ஷின் குழு இதைக் காட்டியபோது முப்பது வருடத் தகவல்கள் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே குடும்பத்துக்குள் இருந்துகொண்டு இரண்டு வழிகளும் எதிரெதிர் விளைவு தருவது. ரெவ்3ஐ எடுத்தால் மியூட்டேஷன் குறையும். எம்எம்எஸ்2ஐ எடுத்தால், ரசாயனம் எதுவும் கொடுக்காமலேயே மியூட்டேஷன் பல மடங்கு கூடும். பார்த்து எழுத ஏடு இல்லாததால் எல்லா ஓட்டையும் குத்துமதிப்புக்காரரிடம் போய்ச் சேருகிறது. ரெவ்3ஐயும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் மறைந்துவிடும்.

அப்படியானால் பாடப்புத்தகம் சொல்லும் "ரிப்பேர் கெட்டால் மியூட்டேஷன் கூடும்" எங்கே பொருந்துகிறது? பழுதை முன்கூட்டியே வெட்டி எடுக்கும் வழிகளில் பொருந்துகிறது. உங்கள் எம்எம்எஸ்ஸுக்கே உதாரணம் மேக்1. மூன்றாவது நைட்ரஜனில் மெத்தில் ஒட்டிய அடினினை டிஎன்ஏவிலிருந்து கழற்றிப் போடும் நொதி அது. மேக்1 இல்லையென்றால் தடைகள் அப்படியே கிடக்கும். செல் அதிகம் சாகும், பிழைத்தவற்றில் மியூட்டேஷனும் கூடும். அந்தக் கூடுதல் பெரும்பாலும் ரெவ்3ஐ நம்பித்தான் இருக்கிறது. குவானினின் ஆறாவது ஆக்சிஜனில் ஒட்டியதை எடுக்க எம்ஜிடி1 என்று தனிப் புரதம். ஒட்டியதைத் தன் மேலேயே வாங்கிக்கொண்டு அதோடு தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஒரு பழுதுக்கு ஒரு புரதம் என்ற கணக்கு. அது இல்லாத ஈஸ்டுக்கு நைட்ரோசோகுவானிடின் கொடுத்தால் மியூட்டேஷன் தாறுமாறாக ஏறும்.

4-நைட்ரோகுவினோலின் ஆக்சைடு போன்றவை குவானினில் பெரிய கட்டியாக ஒட்டுபவை. இவற்றைச் சுற்றியுள்ள இழைத்துண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பது ராட்1, ராட்2, ராட்4, ராட்14 கூட்டம். இதில் எது கெட்டாலும் அதே அளவு மருந்துக்குச் சாவும் கூடும், மியூட்டேஷனும் கூடும். மனிதர்களில் இதே ஜீன்களின் இணைகள் கெட்டால் வரும் நோய்தான் ஸீரோடெர்மா பிக்மென்டோசம். வெயில் பட்ட தோலில் சிறு வயதிலேயே புற்றுநோய் வரும். அந்த நோயாளிகளின் செல்களில் ரிப்பேர் கெட்டிருக்கிறது என்று 1968இல் காட்டியவர் ஜேம்ஸ் கிளீவர்.

ஒரு ரசாயனம் மியூட்டேஷன் தருமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் டெஸ்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பயன்படும் டிஏ98, டிஏ100 ஸ்ட்ரெயின்களைப் பாருங்கள். வெட்டி எடுக்கும் ரிப்பேருக்கான யுவிஆர்பி ஜீனை நீக்கியிருக்கிறார்கள். கூடவே ஊகக்கார பாலிமரேஸைக் கொண்டுவரும் ஒரு பிளாஸ்மிட்டை, அதாவது தனி டிஎன்ஏ வளையத்தை, உள்ளே விட்டிருக்கிறார்கள். ஒரு ரிப்பேரைக் குறைத்தும் இன்னொன்றைக் கூட்டியும், இரண்டாலும் மியூட்டேஷனை ஏற்றியிருக்கிறார்கள். கைடிடம் பேசப் போகும்போது இந்த ஒரே உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

ரிப்பேர் நொதி அதிகமானாலும் ஆபத்து என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். மேக்1 கெட்ட எழுத்தைக் கழற்றிய பிறகு அந்த இடம் வெற்றாக நிற்கும். அதை வெட்டிச் சரிசெய்ய ஏபிஎன்1 வர வேண்டும். மேக்1ஐ மட்டும் அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்தால் அது நல்ல எழுத்துகளையும் கழற்ற ஆரம்பிக்கும். பின்னால் வருகிற ஏபிஎன்1ஆல் ஈடுகொடுக்க முடியாது. 1998இல் லியோனா சாம்சனின் குழு இப்படிச் செய்தபோது, எந்த ரசாயனமும் இல்லாமலேயே மியூட்டேஷன் சில நூறு மடங்கு வரை ஏறியது. கொத்தனார் பத்துப் பேர் சுவரை இடித்துக்கொண்டே போக, பூச ஒரே ஒருவர் இருந்தால் வீடு என்ன ஆகும், அந்தக் கதை.

எம்எஸ்எச்2, எம்எல்எச்1 போன்ற மிஸ்மேட்ச் ரிப்பேர் ஜீன்கள் இன்னொரு ரகம். இவை நகலெடுக்கும்போது வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்துபவை. ரசாயனம் இல்லாமலேயே இவற்றின் வேலை தெரியும். 1993இல் ஈஸ்டில் இவற்றைக் கெடுத்துப் பார்த்தபோது, ஜிடி ஜிடி என்று ஒரே எழுத்துக்கூட்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் 100 முதல் 700 மடங்கு வரை நிலையற்றுப் போயின. பரம்பரையாக வரும் ஒரு வகைக் குடல் புற்றுநோயில் இதே ரிப்பேர்தான் கெட்டிருக்க வேண்டும் என்று அதிலேயே ஊகித்தார்கள். அதே வருடம் மனித எம்எஸ்எச்2 கிடைத்து ஊகம் உறுதியானது. உங்களுக்கு இது எதற்கு என்றால், எம்எஸ்எச்2 நீக்கிய ஸ்ட்ரெயினுக்கு ரசாயனம் கொடுக்கும்போது பின்னணி மியூட்டேஷனே எக்கச்சக்கமாக இருக்கும். அதைக் கழிக்காமல் வரும் எண்ணை ரசாயனத்தின் தலையில் கட்டக் கூடாது.

ராட்9 எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது ரிப்பேர் செய்வதே இல்லை. செல் பிரிவதை நிறுத்தி அவகாசம் வாங்கித் தரும் காவல்காரர். 1988இல் வைனர்ட், ஹார்ட்வெல் இருவரும் இதைச் சொன்ன பிறகுதான் "செக்பாயின்ட்" என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும் ரசாயனங்களுக்கு வேறு ஒரு கூட்டம் உண்டு, எஸ்என்எம்1 அதில் முக்கியம். அதற்கு பிஎஸ்ஓ2 என்றும் பெயர், சோராலின் என்ற பொருளைத் தாங்காத ஈஸ்டில் கண்டதால். நம் சித்த மருந்துக்கடைக் கார்போகரிசியில் இருக்கும் அதே சோராலின்தான். சோராலின் சும்மா இருந்தால் தைக்காது. புறஊதா ஒளியும் பட வேண்டும்.

சரி, உங்கள் தட்டுக்கு வருகிறேன். சந்தேகம் என்றேனே, அது எதனால் வகுத்தீர்கள் என்பது. கணக்கு புரிவதற்காக எண்களை நானே போடுகிறேன். பத்துக் கோடி சாதாரண செல்லுக்கு மருந்து கொடுக்கிறீர்கள். 60 சதவீதம் பிழைக்கிறது, ஆறு கோடி. மியூட்டன்ட் 600. ஒரு கோடிக்கு 100. இன்னொரு ஸ்ட்ரெயினில் 2 சதவீதம்தான் பிழைக்கிறது, 20 லட்சம். மியூட்டன்ட் 80. தட்டை மட்டும் பார்த்தால் 600 எங்கே, 80 எங்கே, குறைந்துவிட்டது என்று தோன்றும். பிழைத்தவற்றால் வகுத்தால் ஒரு கோடிக்கு 400. நான்கு மடங்கு கூடியிருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ரெயினில் மூன்று கோடி பிழைத்து, மியூட்டன்ட் 45 என்றால், கோடிக்கு 15. இது நிஜமான குறைவு. உங்கள் ரெவ்3 இந்த மூன்றாவது ரகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் கேள்வியில் காலனி எண்ணிக்கையைத்தான் கொடுத்திருக்கிறீர்கள், பிழைத்த எண்ணிக்கையைக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் நான் அடித்துச் சொல்ல முடியாது. மருந்து கொடுக்காத தட்டின் எண்ணையும் இரண்டு ஸ்ட்ரெயினுக்கும் தனித்தனியே கழிக்க வேண்டும். மருந்தே இல்லாமல் தானாக வரும் மியூட்டேஷனிலும் ஒரு பெரிய பங்கு ரெவ்3உடையது என்பதால் அதன் பின்னணி குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மருந்தைக் கழுவிய உடனே கேனவனைன் தட்டில் போட்டீர்களா? கேனவனைன் என்பது ஆர்ஜினைன் வேடம் போட்ட விஷம். வாளவரை இனக் கொட்டைகளில் இயற்கையாகவே இருக்கிறது. ஆர்ஜினைனை உள்ளே விடும் கேன்1 என்ற வாசல் வழியாகத்தான் செல்லுக்குள் நுழையும். கேன்1 கெட்ட செல் வாசலை மூடிக்கொண்டு பிழைக்கிறது. ஆனால் ஜீன் இன்றைக்குக் கெட்டாலும் நேற்று செய்த வாசல்கள் செல்லின் சவ்வில் இன்னும் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் விஷத்தில் போட்டால் புதிய மியூட்டன்டும் சேர்ந்து சாகும். அதனால் சாதாரண ஊடகத்தில் சில மணி நேரம், ஓரிரு முறை பிரியும்வரை வளரவிட்டு அப்புறம் போடுவது வழக்கம். வளரவிட்டால் அந்த வளர்ச்சிக்குப் பிறகு இருக்கும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், மருந்து கொடுத்த நேரத்து எண்ணிக்கையால் கூடாது. தட்டில் ஆர்ஜினைன் துளியும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ட்ரெயின் ஹாப்ளாய்டாக, அதாவது ஒவ்வொரு ஜீனும் ஒரே ஒரு படி உள்ளதாக, இருக்க வேண்டும். டிப்ளாய்டில் ஒரு கேன்1 கெட்டாலும் இன்னொன்று வாசலைத் திறந்து வைத்துவிடும்.

மருந்தின் வீரியத்தையும் பாருங்கள். நான் ஒரு முறை ராட்52 நீக்கிய ஸ்ட்ரெயினை எம்எம்எஸ் கலந்த தட்டில் புள்ளி வைத்தேன். எம்எம்எஸ்ஸைக் கண்டாலே சுருண்டு விழ வேண்டிய ஈஸ்ட் அது. மூன்றாம் நாள் பார்த்தால் கடைசி நீர்ப்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையாக, சாதாரண ஈஸ்டுக்குப் பக்கத்தில் வித்தியாசமே தெரியாமல் வளர்ந்து நின்றது. ஸ்ட்ரெயினைச் சந்தேகப்பட்டேன், பிசிஆர் போட்டேன், ஃப்ரீசரிலிருந்து மறுபடி எடுத்தேன். ஒரு வாரம் போனது. கடைசியில் தட்டின் அடியில் நானே எழுதிய தேதியைப் பார்த்தேன்: ஊற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. எம்எம்எஸ் தண்ணீரில் தானாகவே சிதைந்துபோகும் பொருள். அன்றிலிருந்து எம்எம்எஸ் தட்டை அந்தந்த நாளே ஊற்றுகிறேன், ஆகார் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் மருந்தைக் கலக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஓர் ஓரத்தில் ராட்52ஐ வைக்கிறேன். அது வளர்ந்தால் மற்ற எதையும் எண்ணுவதில்லை. திரவத்தில் மருந்து கொடுக்கும்போது நேரம் முடிந்ததும் சோடியம் தயோசல்ஃபேட் ஊற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் கழுவும்வரை வேலை நடந்துகொண்டே இருக்கும். இஎம்எஸ், எம்எம்எஸ் இரண்டும் உங்கள் டிஎன்ஏவையும் ஈஸ்டின் டிஎன்ஏவையும் வேறுபடுத்திப் பார்க்காது. ஃப்யூம் ஹூட், இரட்டைக் கையுறை.

ஒரு ஸ்ட்ரெயின் மருந்தைத் தாங்கவில்லை என்பதாலேயே அதில் ரிப்பேர் கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டவும் வேண்டாம். எஸ்என்க்யூ2 என்ற ஜீனைக் கெடுத்தால் ஈஸ்ட் 4-நைட்ரோகுவினோலின் ஆக்சைடைத் தாங்காது. அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் அது விஷத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப். பம்ப் கெட்டால் உள்ளே தங்கும் மருந்து கூடும், பழுதும் கூடும். ரிப்பேர் அதுபாட்டுக்கு ஒழுங்காகத்தான் இருக்கும்.

இனி, எனக்கு எது எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்கிறேன். எம்எம்எஸ்ஸுக்கு ரெவ்3 இல்லாத ஈஸ்டில் மியூட்டேஷன் குறைவது பல லேப்களில் பல ஜீன்களில் பார்த்தது; அதில் சந்தேகமே வேண்டாம். மேக்1 இல்லையென்றால் கூடுவதும் அப்படியே. கொஞ்சம் இடிக்கிற இடம் இஎம்எஸ். நான் மேலே சொன்ன ஓலைக் கணக்குப்படி, ஆறாவது ஆக்சிஜனில் எத்தில் ஒட்டிய குவானின் யாரையும் தடுக்காமல் தப்பாக வாசிக்கப்பட வேண்டும். ராட்6 இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் பிரகாஷின் 1974 முடிவில் இஎம்எஸ் மியூட்டேஷனும் ராட்6 கெட்டபோது விழுந்தது. இஎம்எஸ் ஏழாவது நைட்ரஜனிலும் ஒட்டுகிறது, அங்கே ஒட்டிய குவானின் உதிர்ந்து ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டைகளுக்கு ராட்6 தேவை என்று ஒரு விளக்கம் சொல்லலாம். எனக்கு அது பாதிதான் திருப்தி. ராட்6 வெறும் ரிப்பேர் ஜீன் இல்லை. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் யுபிகுவிட்டின் ஒட்டுவது உட்பட செல்லில் வேறு பல வேலைகளும் அதற்கு உண்டு. அதை நீக்கினால் ஒரே ஒரு வழி மட்டும் அடைபடுவதாக நினைத்துப் படிப்பது தப்பு. ரெவ்3ஐ நீக்கியதன் விளைவைப் படிப்பது இதைவிடச் சுத்தமானது. அந்த வகையில் நீங்கள் நல்ல ஜீனைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

மனிதர்களுக்கு இதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் நான் சிக்கனம். நான் மருத்துவன் இல்லை, ஈஸ்ட்காரன். ரெவ்3 இல்லாமல் ஈஸ்ட் நிம்மதியாக வாழும். எலியில் அந்த ஜீனை நீக்கினால் கருவிலேயே இறந்துவிடும். மிஸ்மேட்ச் ரிப்பேர் கெட்ட மனித செல்கள் மெத்தில் ஒட்டும் மருந்துகளை அதிகமாகத் தாங்கும். சாதாரண ஈஸ்டில் அந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. ராட்52 வழி ரிகாம்பினேஷன் (ஒத்த இன்னொரு டிஎன்ஏ இழையைக் கொண்டு சரிசெய்வது) அந்தச் செல்களைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் எம்ஜிடி1இன் மனித இணையான எம்ஜிஎம்டி, மூளைக்கட்டிக்குக் கொடுக்கும் டெமோசோலோமைடு மருந்து வேலை செய்யுமா என்பதைக் கணிக்கப் பார்க்கிற ஜீன்களில் ஒன்று. அங்கே ஈஸ்டில் படித்த வேதியியல் அப்படியே பொருந்துகிறது.

கைடு திரும்பச் செய்யச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் அதையே திரும்பச் செய்யாதீர்கள். முடிந்தால் மேக்1 நீக்கிய ஸ்ட்ரெயின் ஒன்றையும், மேக்1, ரெவ்3 இரண்டும் நீக்கியது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரெயின், மூன்று அளவு எம்எம்எஸ், ஒவ்வொன்றிலும் பிழைத்த எண்ணிக்கை தனியாக. மேக்1 மட்டும் இல்லாததில் மியூட்டேஷன் ஏறி, இரண்டும் இல்லாததில் அது விழுந்து, சாவு மட்டும் இன்னும் மோசமானால், ஓட்டை கூடியும் ஊகம் இல்லாததால் மியூட்டேஷன் குறைந்தது என்பது உங்கள் தட்டிலேயே தெரியும். இரட்டை நீக்கம் எம்எம்எஸ்ஸைத் தாங்கவே தாங்காது, அதனால் மற்றதற்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். எண்கள் வந்ததும், மருந்து கொடுக்காத தட்டுகளின் எண்ணையும் சேர்த்து, இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.